கிரகணக் காது

புந்தோங், ஈப்போ
20 ஏப்ரல் 2020

தினேஸ்வரிக்கு உன் மாமியார் மங்களம் எழுதுவது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசிப் பார்த்தோமே, என்ன ஆயிற்று? நான் "சாப்பிட்டியா" என்றேன், நீ "ம்" என்றாய், பக்கத்தில் உன் மாமா "ஸ்பீக்கர போடு, ஸ்பீக்கர போடு" என்று என் தோளை இடித்தார். மூன்றாவது நிமிஷம் நான் கத்திக்கொண்டிருந்தேன். எழுதினால் கத்த முடியாது, கை வலித்துவிடும்.

மார்ச் பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய். கொரோனா வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டைப் போட்டார்கள். நீ பாகான் செராயில் மாட்டிக்கொண்டாய், என் மகன் சுரேன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் மாட்டிக்கொண்டான். எனக்கு வாய்த்தது உன் மாமாவும் தையல் மிஷினும்தான். ஆஸ்பத்திரி தாதியருக்குப் பாதுகாப்பு உடுப்பு தைத்துக் கொடுக்கிறோம். அந்தத் துணி பிளாஸ்டிக் பை மாதிரி வழுக்குகிறது. ஊசி நேராகப் போகமாட்டேன் என்கிறது, உன்னை மாதிரி.

உன் வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. இந்த மாதம் உன் கையில் போட்டிருக்க வேண்டியவை. திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாட்காட்டியைப் புரட்டினேன். ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் சூரிய கிரகணம். உனக்கு அப்போது நிறைமாதம். அன்றைக்காவது வீட்டுக்குள் இரு. காலில் விழுந்து கேட்பதாகவே வைத்துக்கொள்.

மங்களம்


பாகான் செராய்
29 ஏப்ரல் 2020

அத்தைக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நானும் பிள்ளையும் நலம்.

நீங்கள் மறுபடியும் கிரகணத்தை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். போன டிசம்பர் 26, மத்தியானம். நீங்கள் கதவு சன்னல் எல்லாம் சாத்தி, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் எதிரே பூப்பந்துத் திடலில் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே விழுகிற சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தேன். அறிவியல் டீச்சர் வேறு என்ன செய்வாள்?

கேட்டைத் திறந்துகொண்டு வந்தீர்கள். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு வெளிய நிக்கிறியே! போன தடவ போனது பத்தலையா ஒனக்கு?"

அந்த நிமிஷம்வரை நான் பிள்ளைத்தாச்சி என்று வெளியே யாருக்கும் தெரியாது. முதல் பிள்ளை தங்காமல் போனதால், இந்த முறை நாலு மாதம் தாண்டட்டும், பிறகு சொல்வோம் என்று நாம்தான் பேசி வைத்திருந்தோம். தெருவே திரும்பிப் பார்த்தது. என்னைப் பெற்ற அம்மாவுக்கே அடுத்த வீட்டுப் புனிதா அக்கா வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்லித்தான் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கடைசி வார்த்தை பரவாயில்லை இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரே வீட்டில் "சாம்பார் இருக்கு", "துணி காஞ்சிருச்சு" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

நேராகக் கேட்கிறேன். முதல் பிள்ளை போனது என்னால்தான் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பிள்ளையைப் பார்க்க நீங்கள் வர வேண்டாம். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

தினேஸ்வரி


புந்தோங்
8 மே 2020

தினேஸ்,

இல்லை. இல்லை. ஒரு நாளும் இல்லை. ஆஸ்பத்திரியில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது உன் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அன்று கேட்டில் நின்று பேசியது என் பயம், என் மனசு இல்லை. வாயில் வந்தது வந்துவிட்டது. சிந்திய பாலை அள்ள முடியுமா?

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. சும்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஆடுகிறவள் நான் இல்லை. என் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை இப்போது கேட்காதே.

ஒன்று மட்டும் சொல். அதே கிரகணம் திரும்பத் திரும்ப வரும், அதற்கு ஒரு சுற்று இருக்கிறது என்று ஒரு நாள் சுரேனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அடுப்படியிலிருந்து கேட்டேன். டிசம்பரில் வந்ததே, அது இதற்கு முன் நம் பக்கம் எப்போது வந்தது?

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீ சொல்.

மங்களம்


பாகான் செராய்
15 மே 2020

அத்தை,

அந்த "இல்லை"யைப் படித்துவிட்டு அழுதேன். அம்மா பயந்துபோய் ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு எல்லா நோய்க்கும் ஹார்லிக்ஸ்தான்.

இனி உங்கள் கேள்வி. கிரகணங்களுக்கும் குடும்பம் உண்டு. சூரியன், நிலா, பூமி மூன்றும் பதினெட்டு வருஷமும் பதினோரு நாளும் போனபின், முன்பு நின்ற மாதிரியே மறுபடி வந்து நிற்கும். நிலாவின் தூரம்கூடக் கிட்டத்தட்ட அதே அளவு. நிலா கொஞ்சம் தள்ளி இருந்தால் சூரியனை முழுவதும் மூட அதன் உடம்பு போதாது, ஓரம் வளையலாக மிஞ்சும். முன்பு வளையலாக வந்தது மறுபடியும் வளையலாகவே வரும்.

ஆனால் அந்தக் கணக்கில் எட்டு மணி நேரம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். அதனால் அடுத்த தடவை நிழல் உலகத்தின் வேறு பக்கம் போய் விழும், அதற்கடுத்த தடவை இன்னொரு பக்கம். மூன்றாவது சுற்றில்தான் நம் பக்கம் வரும். ஐம்பத்து நாலு வருஷம், ஒரு மாதம். கல்யாணம் கட்டிக் கொடுத்த பெண் ஊர் ஊராகக் குடிபோய்விட்டுக் கடைசியில் அம்மா வீட்டுக்கு வருகிற மாதிரி.

டிசம்பர் கிரகணம் 2001இல் கோஸ்டாரிகா பக்கம் போயிருக்கிறது, 1983இல் ஆப்பிரிக்கா. நம் பக்கம் வந்தது 1965 நவம்பர் 23. அப்போதும் நம் பேராக் மாநிலத்தில் முழு வளையல் கிடையாது, கடித்து வைத்த அப்பம் மாதிரிதான் தெரிந்திருக்கும். ஜூனில் வரப்போவது வேறு குடும்பம், இதற்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை.

உங்கள் மகன் சிங்கப்பூரில் முழு வளையலையே பார்த்தார், தெரியுமா? பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, "தினேஸ், ஒனக்கு ஒரு வளையல் வாங்கிட்டேன், ஆனா எடுத்துட்டு வர முடியல லா" என்றார். கால் வீங்கியிருக்கிறது. அவர் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது, அத்தை. நீங்கள் திட்டாமலும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தினேஸ்


புந்தோங்
24 மே 2020

அம்மாடி தினேஸ்,

நீ எழுதின தேதியைப் படித்ததும் மிஷினை நிறுத்திவிட்டேன். உன் மாமா கரண்டு போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

நான் பிறந்தது 1966 மார்ச்சில், பீடோர் பக்கத்து எஸ்டேட்டில். அந்த நவம்பரில் அம்மா என்னை ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தாள். இரவெல்லாம் மழை பெய்து ரப்பர் மரமெல்லாம் ஈரம். பட்டை காய்ந்த பிறகு பால் வெட்டுக்குப் போங்கள் என்று, வேலை ஏவுகிற மண்டோர் சொல்லிவிட்டார். அதனால், வழக்கமாகப் பால் எடுக்கிற நேரத்தில் அம்மா இன்னும் கத்தியோடு மர நிரையில் நின்றாள். வெளிச்சம் மங்கியது. மறுபடி மழை வருகிறது என்றுதான் நினைத்தாளாம். பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனபோது, கிரகணமாம் என்று யாரோ சொன்னார்கள். பாலை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

நான் பிறந்தேன். என் இடது காதின் மேல் ஓரத்தில் ஒரு துண்டு கிடையாது. கத்தியால் எடுத்த மாதிரி, மரத்தில் போடுகிற வெட்டு மாதிரியே சாய்வாக இருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தைத் தடவுவாள். "நான் கத்தி புடிச்சேன்டி. அதான் ஒனக்கு வெட்டு." சாகும்வரை சொன்னாள். எத்தனையோ தடவை "போம்மா" என்று கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

எஸ்டேட் பள்ளியில் எனக்குப் பெயர் கிரகணக் காது. முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். உன் மாமா வீட்டார் வந்தபோது தலையை அந்தப் பக்கமாக இழுத்துச் சீவி, மூன்று முழம் பூவைக் காதுக்கு மேல் இறக்கிக் குத்தி உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அப்படித்தான் சீவுகிறேன்.

அன்று திடலில் உன்னைப் பார்த்தபோது எனக்கு நீ தெரியவில்லை, தினேஸ். ஒரு பச்சைப் பிள்ளையின் காதுதான் தெரிந்தது.

மங்களம்


பாகான் செராய்
1 ஜூன் 2020

அத்தை,

மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். உங்கள் இடது காதை நான் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மாமியாருக்கு இந்த வயதிலும் இவ்வளவு பூவா என்று மனசுக்குள் கேலி செய்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அம்மா பாலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஒன்று கேட்கலாமா? பாடம் நடத்துவதாக நினைக்காதீர்கள். அன்று நிரையில் உங்கள் அம்மா ஒருவர்தான் பிள்ளைத்தாச்சியா? வேறு யாரும் கத்தி பிடிக்கவில்லையா? அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

என்ன பதில் வந்தாலும் சரி, ஜூன் 21 அன்று நான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். எனக்குக் கிரகணத்தைப் பற்றிப் பயம் இல்லை. ஆனால் அங்கே நீங்கள் தனியாகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், அதை என்னால் தாங்க முடியாது. ஒரே நிபந்தனை. அதே அறையில் என் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். உலக்கையையும் கொண்டு வாருங்கள், அம்மா வீட்டில் மிக்சிதான் இருக்கிறது.

பேராக்குக்குள் ரோட்டைத் திறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இனிமேலும் நீங்கள் வராவிட்டால் அரசாங்கத்தின் மேல் பழி போட முடியாது.

தினேஸ்


புந்தோங்
8 ஜூன் 2020

தினேஸ்,

நீ கேட்டுவிட்டாய், எனக்குத் தூக்கம் போய்விட்டது. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் வெட்டியது பத்துமலை என்பவனின் அம்மா. அவன் எனக்கு ஒரு மாதம் இளையவன், இப்போது லோரி ஓட்டுகிறான். போன் போட்டேன்.

"டேய், ஒன் காது ரெண்டும் ஒழுங்கா இருக்கா?"

"என்னா மங்கா, வீட்டுலயே அடைஞ்சு கெடந்து பைத்தியம் புடிச்சிருச்சா லா?"

விஷயத்தைச் சொன்னேன். "எங்கம்மாவும் அன்னிக்கு வெட்டுக்குப் போனாங்கதான். எனக்கு ரெண்டு காதும் மொறம் மாதிரி இருக்கு. ஒனக்கு வேணும்னா ஒரு துண்டு தரேன்" என்றான். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன், பிறகு அழுதேன். அவன் தப்பித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உலக்கையைத் துணியில் சுற்றிவிட்டேன். வளையலும் வருகிறது. உன் அம்மா விமலாவிடம் சொல், எனக்கு ஹார்லிக்ஸ் வேண்டாம்.

மங்களம்


புந்தோங்
27 ஜூன் 2020

தினேஸ்,

உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். நீ போன் போடுகிறாய், நான் எடுக்கவில்லை. உன் மாமாவையும் எடுக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியாது, வலியில் இருந்தாய். சாயங்காலம் நாலு மணி. சன்னலெல்லாம் சாத்தி, உலக்கையை நிறுத்தி, உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கிரகணம் பிடித்திருந்தது. அப்போதுதான் உனக்குப் பனிக்குடம் உடைந்தது. விமலா என்னைப் பார்த்தாள். "சம்பந்தி, என்னா செய்யலாம்? கிரகணம் விடட்டுமா?" என்று கேட்டாள். பெற்றவள் என்னிடம் கேட்கிறாள்.

கதவைத் திறந்தது நான்தான். உன்னைத் தோளில் சாய்த்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். காருக்குப் போவதற்குள் வெயில் உன் வயிற்றில் விழுந்தது. என் முந்தானையை விரித்து மேலே பிடித்தேன். மெல்லிய துணி, வெயில் அதற்குள்ளும் வந்தது. வளையலைக்கூட உன் கையில் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் நின்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பெண் குழந்தை, சுகம் என்றார்கள். மூன்றாம் நாள் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். குளிப்பாட்டுவதற்காகத் தொப்பியைக் கழற்றினேன்.

இடது காது.

அதே இடம், அதே சாய்வு, என்னுடையதைவிடச் சின்னது. விமலாவிடம் கொடுத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று பொய் சொன்னேன். அம்மா கத்தியைப் பிடித்தாள், நான் கதவைத் திறந்தேன். அம்மாவுக்காவது அன்று கிரகணம் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

எந்தக் கையால் அவளைத் தூக்குவேன்? அவளுக்கு நான் எண்ணெய் வைத்தால் அந்த இடத்தைத் தடவாமல் இருப்பேனா? அவளும் ஆயுசு முழுக்க அதைக் கேட்க வேண்டாம். நான் வரவில்லை, தினேஸ்.

மங்களம்


பாகான் செராய்
5 ஜூலை 2020

அத்தை,

உட்கார்ந்து படியுங்கள். மாமா பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் மகன் தனிமைப்படுத்தல் முடிந்து வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். நாலு மாதமாக முடி வெட்டாமல், பின்னாலிருந்து பார்த்தால் யாரோ சாமியார் வருகிற மாதிரி இருந்தது. பச்சைப் பிள்ளையை இந்தக் கோலத்தில் தூக்கக் கூடாது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானே கத்தரிக்கோலை எடுத்தேன். பிள்ளை பெற்றவள் வேலை செய்யக் கூடாது என்று அம்மா கத்தினார். நான் கேட்கவில்லை.

இடது காதுக்கு மேல் முடியை ஒதுக்கிப் பிடித்தேன். விரலுக்குக் கீழே காதின் ஓரம் நெளிந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தடவினால் தெரியும். சாய்வாக ஒரு சின்னப் பள்ளம். மூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. "இது என்னா?" என்று கேட்டேன். "அதுவா, சின்னதுல தூளிய யாரோ செவுத்துல இடிச்சுட்டாங்கன்னு அம்மா சொல்லுவாங்க" என்றார்.

அத்தை, உங்கள் காதில் இருக்கிற அதே இடத்தில் சுவர் அவ்வளவு சரியாக இடிக்குமா?

அவர் பிறந்தது 1992 அக்டோபர். நீங்கள் அவரைச் சுமந்த மாதங்களில் நம் ஊர்ப் பக்கம் தெரிந்த கிரகணம் ஒன்றுகூட இல்லை, பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டேன். அப்போது நீங்கள் கத்தி பிடிக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. டாக்டரிடமும் காட்டினேன். சில குடும்பத்தில் இப்படி வரும், பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றார். மிக்சி போட்டால் வீடே அதிரும்படி அழுகிறாள், எனக்கு அதுவே போதும்.

இது உங்கள் காது. உங்களிடமிருந்து அவருக்குப் போய், அவரிடமிருந்து இவளுக்கு வந்திருக்கிறது. அன்று நீங்கள் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால்தான் எனக்கும் இவளுக்கும் ஏதாவது ஆகியிருக்கும்.

டிசம்பரில் வந்த அந்தக் கிரகணம் மூன்று சுற்றுப் போய்விட்டு நம் பக்கம் மறுபடி வருவது 2074 ஜனவரியில். அன்று இவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. போன டிசம்பரில் உங்களுக்கு இருந்த அதே வயது. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இவள் வெளியே நிற்கட்டும்.

முப்பதாம் நாள் பெயர் வைக்கிறோம். காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் வராவிட்டால் பெயர் வைக்கப் போவதில்லை. உங்கள் மகனும் அப்படியேதான் சொல்கிறார்.

தினேஸ்


புந்தோங்
10 ஜூலை 2020

அம்மாடி,

அந்தத் தூளியை இடித்தது என் மாமியார் என்று இருபத்தேழு வருஷம் அந்தக் கிழவியைத் திட்டியிருக்கிறேன். செத்துப்போன பிறகும் விடவில்லை. வாயில்லாத பாவம், சுமந்துகொண்டு போய்விட்டாள். உன் மாமாவிடம் சொன்னேன். "எங்கம்மா அப்பவே சொன்னாங்க, நான் இடிக்கலன்னு" என்றார். இதை வேறு இனி ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு என் அம்மா படத்தின் முன்னால் போய் நின்றேன். படத்திலும் வெட்டுக்குப் போகிற மாதிரியே தலையில் துணி கட்டியிருக்கிறாள். காது தெரியவில்லை. அவள் காது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை, தினேஸ். என் காதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் காதை யார் பார்த்தார்கள்?

"நீ கத்தி புடிச்சதால இல்லம்மா" என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். உன் மாமா அடுப்படியில் இருந்தார். தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். வளையல் உன் அம்மா வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்து வை. காலம் தப்பினால் என்ன, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே போட்டுக்கொள். வலது காதில் பெயர் சொல்வதை விமலாவுக்கு விட்டுத் தருகிறேன். இடது காதில் நான்தான் சொல்வேன், அதற்கு யாரும் போட்டிக்கு வரக் கூடாது.

பஸ் நிலையத்தில் என்னைத் தேடாதே. தலையைத் தூக்கிச் சீவி, பூவைப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிறேன். உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

மங்களம்